ஜன்னலில் எழுதிய எண்

வெள்ளை ஷூ பாலிஷால்
கார் ஜன்னலில் 13.20 என்று எழுதினேன்.
கால் மைலுக்கு இத்தனை விநாடி ஆகும் என்று
முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு.
அதைவிட வேகமாகப் போனால் தோற்றேன்.
இதைத் தங்கை புருஷனுக்குப் புரியவைக்க
இரண்டு பியரும் ஒரு காகித நாப்கினும் செலவாயின.
எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது:
"பந்தயத்துல எதுக்கு பிரேக்?"

எதுக்கு என்றால்,
நான் எழுதியது கொஞ்சம் பொய்.
என் டாட்ஜ் டார்ட் 13.14 ஓடும்.
இந்த நெப்ராஸ்கா பழைய விமானத் தளத்தில்
எல்லாருடைய ஜன்னலிலும் கொஞ்சம் பொய்தான்.
மிச்சத்தைக் கோட்டுக்குச் சற்று முன்னால்
பிரேக்கில் கழித்துக்கொள்வோம்.
பக்கத்துத் தடத்துக்காரனை ஒரு மூக்கு முந்தினால் போதும்,
இரண்டு மூக்கு வீண்செலவு.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
நான்காம் வரிசையில் தூங்கும் ஹாவ்லிச்செக் வீட்டுப் பையன்
விழிக்காமல் நிறுத்தத் தெரியும்.
நிற்கப்போகும் கடைசிக் கணத்தில்
பெடலைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்,
அவ்வளவுதான் ரகசியம்.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பச்சை.
கிளம்பினேன்.
ஒன்றரை விநாடி கழித்து லைல் வோண்ட்ராவின் கமாரோ.
தானியக் கிடங்கில் வேலை அவனுக்கு.
ஜன்னலில் 11.65.
துரத்துகிறவனுக்கு எல்லாம் கண்ணெதிரே இருக்கும்.
முன்னால் ஓடுகிறவளுக்குக் கழுத்துதான் வலிக்கும்.

ஆயிரம் அடியில் திரும்பிப் பார்த்தேன்.
வந்துகொண்டிருந்தான்.
தேவைக்கு மேலேயே வந்துகொண்டிருந்தான்.
அது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும்,
மிதித்தான்.

பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன.
டயர் கருகும் வாசம் என் ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்தது.
கமாரோவின் வால் அங்கே போக
மூக்கு என் பக்கம் திரும்பியது.
கோட்டோரத்து நுரைக்கட்டை ஒன்று
சிதறிப் பறந்தது.

என் கால் அதற்குள் பிரேக்கின் மேல் இருந்தது,
ஒரு தபால் அட்டையின் கனத்துக்கு.
இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஜெயிக்கலாம்.
இன்னும் கொஞ்சம் அழுத்தினால்
அவன் என் கதவு வழியாக உள்ளே வருவான்.
காலை எடுத்தேன்.
அடுத்த பெடல், தரைவரைக்கும்.

கண்ணாடியில் புகை. புகைக்குள் அவன் இல்லை.
பிறகு இருந்தான், குறுக்காக, நின்றபடி.

முதல் திருப்பத்தை விட்டேன். இரண்டாவதையும்.
இன்னொருவன் எங்கே என்று தெரியாமல்
அவன் வழியில் திரும்பக்கூடாது.
தளம் முடிகிற இடத்தில் முள்வேலி,
வேலிக்கு அப்பால் யாரோ ஒருவரின் சோயா.
அங்கே போய்த்தான் நின்றேன்.
எஞ்சினை அணைத்த பிறகும்
முழங்கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சீட்டுக் கொடுக்கும் கூண்டில் பெவர்லின்
கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொன்னாள்:
"நீ 13.16, லோரீன். வாக்கு மீறிட்டே.
ஆனா அவன் நடுக்கோட்டைத் தாண்டிட்டான்,
அது பெரிய குத்தம். அதனால நீ."

லைல் குந்தி உட்கார்ந்து
முன் கிரில்லில் சிக்கிய நுரைத் துணுக்குகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்,
மீன்முள் எடுப்பதுபோல.
சொல்ல நிறைய வைத்திருந்தேன்:
பின் பிரேக்கைக் குறைத்து வை,
ஒரு வண்டி நீளம் முன்னாடியே ஆரம்பி,
கைநழுவுகிற மாதிரி இருந்தால் ஓட்டத்தை விட்டுக்கொடு,
அடுத்த சனிக்கிழமையும் சனிக்கிழமைதான்.
கேட்டதென்னவோ,
"டயர் தட்டையாயிடுச்சா?"
"ரெண்டும்," என்றான்.
நிமிரவில்லை.

ஜன்னலைக் கட்டைவிரலால் அழித்தேன்.
13.14 என்று எழுதினேன்.
அந்தச் சுற்றில் பச்சைக்கு முன்பே கிளம்பி,
சிவப்பு விளக்கு எரியத் தோற்றேன்.

திங்கட்கிழமை, காலை ஏழு பத்து,
ஹாவ்லிச்செக் பண்ணைக்கு அடுத்த நிறுத்தம்.
எப்போதும் போலத்தான் பெடலில் கால் வைத்தேன்.
நான்காம் வரிசையில் பையன் விழித்துக்கொண்டு
ஜன்னலில் முட்டிய நெற்றியைத் தடவினான்.
"என்ன ஆச்சு?"
ஒண்ணுமில்லை, என்றேன்.
கதவைத் திறந்தேன்.